0 டிபிஎஃப்எஸ் எத்தனை வோல்ட்? ஒலிபரப்புக் கருவிகளில் லெவல் பொருத்தும் முறை

ஒலிபரப்பில் குரல் குறைவாகக் கேட்கிறது என்று புகார் வந்தால், பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். கைக்கு எட்டிய குமிழைப் பிடித்து யாராவது கூட்டிவிடுவார்கள். குரல் சரியாகிவிடும், புகாரும் தீர்ந்துவிடும். எங்கோ நடுவில் 6 டெசிபல், அதாவது பாதி மின்னழுத்தம், இழந்த சிக்னலைக் கடைசியில் 6 டெசிபல் தூக்கியிருக்கிறோம் என்பது மீட்டரில் தெரியாது. ஆனால் அந்த இடைவெளியில் சேர்ந்த இரைச்சலும் கூடவே 6 டெசிபல் ஏறியிருக்கும். பிறகு யாராவது அந்தப் பழைய பழுதைச் சரிசெய்யும் நாளில் சிக்னல் திடீரென்று 6 டெசிபல் கூடி வந்து கிளிப் ஆகும், அதாவது அலையின் உச்சி வெட்டுப்பட்டுச் சிதையும்.

லெவல் சீரமைப்பு என்பது கடைசி மீட்டரைச் சரியாகக் காட்டவைக்கும் வேலை என்று நினைப்பதிலிருந்துதான் இந்தச் சிக்கல் தொடங்குகிறது. உண்மையில் அது ஒவ்வொரு இணைப்பாகச் செய்ய வேண்டிய வேலை. ஒரு பெட்டியின் அவுட்புட்டுக்கும் அடுத்த பெட்டியின் இன்புட்டுக்கும் இடையே எத்தனை வோல்ட் ஓட வேண்டும், அது அடுத்த பெட்டிக்குள் எந்த எண்ணாக மாற வேண்டும் என்பதைத் தீர்மானித்து, அளந்து, பொருத்த வேண்டும். பத்து இணைப்பு இருந்தால் பத்தையும் தனித்தனியாக. ஓர் இணைப்பின் பிழையை அடுத்த இணைப்பில் ஈடுகட்டவே கூடாது.

முதலில் அளவுகள்

அனலாக் பக்கம் நமக்கு வேண்டிய அலகு டிபியு. 0 டிபியு என்றால் 0.775 வோல்ட் ஆர்எம்எஸ். 600 ஓம் மின்தடையில் 1 மில்லிவாட் சக்தி தரும் மின்னழுத்தம் அது. பழைய தொலைபேசி லைன் காலத்தில் பிறந்த எண். இன்று 600 ஓம் சுமை அநேகமாக எங்கும் இல்லை, ஆனால் அந்த மின்னழுத்தம் மட்டும் அடிப்படையாக நிலைத்துவிட்டது. +4 டிபியு என்றால் 1.228 வோல்ட். 0 டிபிவி என்பது 1 வோல்ட், அதாவது +2.2 டிபியு. வீட்டு உபயோகக் கருவிகளின் -10 டிபிவி என்பது 0.316 வோல்ட், டிபியுவில் -7.8. ஆக, தொழில்முறைக் கருவியின் +4 டிபியுவுக்கும் இதற்கும் இடையே 11.8 டெசிபல் வித்தியாசம்.

டிஜிட்டல் பக்கம் டிபிஎஃப்எஸ், முழு அளவிலிருந்து எத்தனை டெசிபல் கீழே என்ற கணக்கு. 0 என்பது உச்சி, அதற்கு மேல் எண்ணே கிடையாது. ஒளிபரப்பில் சோதனை டோனை வைக்கும் இரண்டு சீரமைப்பு மட்டங்கள் பரவலாக இருக்கின்றன. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமான ஈபியுவின் ஆர்68 பரிந்துரைப்படி -18 டிபிஎஃப்எஸ். அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கமான எஸ்எம்பிடிஇயின் ஆர்பி 155 படி -20 டிபிஎஃப்எஸ். ஈபியு வழக்கைப் பின்பற்றும் நிலையங்களில் -18 டிபிஎஃப்எஸ் பொதுவாக 0 டிபியுவுக்கு நிகர். எஸ்எம்பிடிஇ வழக்கில் -20 டிபிஎஃப்எஸ் +4 டிபியுவுக்கு நிகர். இதைப் பலர் '2 டெசிபல்தானே வித்தியாசம்' என்று கடந்துவிடுகிறார்கள். உச்சியிலிருந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். ஈபியு வழக்கில் 0 டிபிஎஃப்எஸ் என்பது +18 டிபியு, அதாவது 6.15 வோல்ட். எஸ்எம்பிடிஇ வழக்கில் அது +24 டிபியு, அதாவது 12.28 வோல்ட். இந்த இரண்டு வகைக் கருவிகளையும் அனலாக் கேபிளில் இணைத்தால் வித்தியாசம் 6 டெசிபல். எஸ்எம்பிடிஇ வழக்குக் கருவி -3 டிபிஎஃப்எஸ் உச்சம் என்று நிம்மதியாக அனுப்பும் சிக்னல் கேபிளில் +21 டிபியு. +18இல் நிரம்பிவிடும் ஈபியு வழக்குக் கருவியில் அது கிளிப் ஆகும்.

அதனால் எந்தப் பெட்டியை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இதில் 0 டிபிஎஃப்எஸ் எத்தனை டிபியு? கையேட்டில் 'அதிகபட்ச இன்புட் லெவல்', 'அதிகபட்ச அவுட்புட் லெவல்' என்று இருக்கும். ஜம்பர் வைத்தோ மெனுவிலோ +15, +18, +24 என்று மாற்றிக்கொள்ளும்படியும் பல கருவிகள் வரும். அந்த எண்ணை ஒரு லேபிளில் எழுதிக் கருவியின் முகப்பிலேயே ஒட்டிவிடுவது நல்லது. 'நாமினல் லெவல் +4' என்று மட்டும் எழுதி வைப்பதால் பயனில்லை, அது டிஜிட்டலில் எங்கே விழுகிறது என்பதை அது சொல்வதில்லை.

ஏஇஎஸ்3 என்னும் டிஜிட்டல் ஒலி இணைப்பு, எஸ்டிஐ வீடியோ கேபிளுக்குள் பொதிந்த ஒலி, நெட்வொர்க் வழி ஒலி இவை எதிலும் கேபிளுக்கென்று லெவல் கிடையாது. அனுப்பிய எண் அப்படியே போய்ச் சேரும். அங்கே எண் மாறினால் யாரோ நடுவில் கெயின் (பெருக்கம்) வைத்திருக்கிறார்கள் என்று பொருள்: ஒலியை வீடியோவில் பொதிக்கும் எம்பெடர், ரூட்டர், ஃபிரேம் சிங்க்ரனைசர் என எங்கோ ஒரு மெனுவில் அது ஒளிந்திருக்கும். டால்பி ஈ போன்ற குறியாக்கப்பட்ட தரவு அந்த வழியில் போகிறது என்றால் 0.1 டெசிபல் மாற்றம்கூட அதை முழுவதுமாகச் சிதைத்துவிடும். அத்தகைய தடத்தில் கெயின், சாம்பிள் ரேட் மாற்றி, ஃபேடு எதுவுமே இருக்கக் கூடாது.

கையில் வேண்டியவை

நல்ல டோன் ஜெனரேட்டர் ஒன்று, பேலன்ஸ்டு (ஒரே சிக்னல் இரு கம்பிகளில் எதிரெதிராக வரும்) இன்புட் உள்ள ஆடியோ லெவல் மீட்டர் ஒன்று. இதற்குத் தனிக் கருவி இல்லாவிட்டால் ட்ரூ ஆர்எம்எஸ் மல்டிமீட்டரிலும் வேலையை ஓரளவு முடிக்கலாம். ஆனால் மல்டிமீட்டரின் ஏசி அளவீடு மின்விநியோக அதிர்வெண்ணுக்காகவே வடிவமைக்கப்பட்டது. பல மாடல்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் குறைத்துக் காட்டும். ஜெனரேட்டரின் லெவலை மாற்றாமல் 400 ஹெர்ட்ஸிலும் 1 கிலோஹெர்ட்ஸிலும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் அந்த மீட்டரில் 400 ஹெர்ட்ஸை மட்டும் நம்புங்கள். இன்னொன்று, 0.1 டெசிபல் என்பது 1.16 சதவீதம். ஏசியில் 1 சதவீதப் பிழை உள்ள மீட்டரை வைத்துக்கொண்டு 0.1 டெசிபல் துல்லியம் பேச முடியாது. இடது, வலது சேனல்களை ஒன்றோடொன்று ஒப்பிட அதே மீட்டர் போதும், ஏனென்றால் பிழை இரண்டிலும் ஒன்றுதான்.

மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர் இணைப்பியில் அளக்கும்போது மீட்டர் முனைகள் பின் 2, பின் 3 இடையே இருக்க வேண்டும். பின் 2க்கும் தரையான பின் 1க்கும் இடையே அளந்தால், சமச்சீரான அவுட்புட்டில் பாதி மின்னழுத்தம்தான் வரும். +4 டிபியு இருக்க வேண்டிய இடத்தில் 0.614 வோல்ட் காட்டும். அதைப் பார்த்து டிரிம்மரை, அதாவது லெவலைப் பொருத்தும் சின்னத் திருகை, 6 டெசிபல் திருகிவிட்டால் அதன் பிறகு எல்லாமே தவறு. அளக்கும்போது அடுத்த கருவி இணைந்தே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். 50 ஓம் அவுட்புட் இம்பிடன்ஸ் உள்ள கருவியை 10 கிலோஓம் இன்புட்டில் இணைத்தால் இழப்பு 0.04 டெசிபல்தான், கவலையில்லை. அதே கருவியை 600 ஓம் சுமையில் இணைத்தால் 0.7 டெசிபல் போய்விடும். திறந்த முனையில் பொருத்திவிட்டுப் பிறகு சுமையை மாட்டினால் அந்த 0.7 எங்கே போனது என்று தேட வேண்டிவரும்.

டோன் பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸ். டிஜிட்டல் அளவீடுகளுக்கு 997 ஹெர்ட்ஸ் இன்னும் நல்லது. 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்கில் சரியாக 1000 ஹெர்ட்ஸ் வைத்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் அதே 48 மதிப்புகள் திரும்பத் திரும்ப வரும். மாற்றியின் மற்ற படிகள் சோதிக்கப்படவே மாட்டா. 997 வைத்தால் ஒவ்வொரு சுழற்சியும் வெவ்வேறு இடங்களில் வெட்டப்படும்.

ஓர் இணைப்பை எடுத்துக்கொள்வோம்

கன்சோலின் நிகழ்ச்சி அவுட்புட்டிலிருந்து அனலாக்-டிஜிட்டல் மாற்றிக்குப் போகும் ஸ்டீரியோ இணைப்பு. நிலையம் எஸ்எம்பிடிஇ வழக்கைப் பின்பற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம்: +4 டிபியு என்றால் -20 டிபிஎஃப்எஸ்.

முதலில் வழியைச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பிரசர், லிமிட்டர், ஏஜிசி (லெவலைத் தானாக மாற்றும் சுற்று), ஈகியூ (அதிர்வெண் சமன்படுத்தி) எல்லாம் பைபாஸில். மாஸ்டர் ஃபேடர் 0 குறியில். உள் ஆஸிலேட்டர் இருந்தால் அதை நேரடியாக மாஸ்டர் பஸ்ஸுக்குக் கொடுங்கள். சேனல் வழியாகக் கொடுத்தால், ஒலியை இடது, வலது எனப் பங்கிடும் பேன் குமிழின் நடுநிலை இழப்பு, பெரும்பாலும் 3 டெசிபல், கணக்கில் நுழைந்துவிடும்.

டோனை இயக்கி, கன்சோல் மீட்டர் 0 வியு (வியு மீட்டரின் 0 குறி, இங்கே +4 டிபியு) காட்டும்படி வையுங்கள். இப்போது அவுட்புட்டில், மாற்றி இணைந்திருக்கும் நிலையில், பின் 2–3 இடையே அளந்தால் 1.228 வோல்ட் வர வேண்டும். வரவில்லையென்றால் இங்கே ஒரு முடிவெடுக்க வேண்டும்: அவுட்புட்டைத் திருத்துவதா, மீட்டரையா? ஆஸிலேட்டரை நம்பாமல் வெளி ஜெனரேட்டரிலிருந்து அளந்த +4 டிபியுவை ஒரு லைன் இன்புட்டில் கொடுத்து, ஃபேடர்களை 0இல் வைத்து, வழியின் கெயின் ஒன்றுக்கு ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன பேன் இழப்பை மறக்காமல் கழித்துக்கொள்ளுங்கள். வழி சரியென்றால் மீட்டர்தான் தவறு. மீட்டரின் டிரிம்மரை மட்டும் தொடுங்கள். இந்த வரிசையைத் தவறவிட்டு மீட்டருக்கு ஏற்ப அவுட்புட்டைத் திருகுவதுதான் கன்சோல்கள் கெட்டுப்போகும் வழக்கமான வழி.

அடுத்து மாற்றி. அதன் டிஜிட்டல் அவுட்புட்டை ஒரு சாம்பிள் மீட்டரில் பாருங்கள், -20.0 வர வேண்டும். இன்புட் டிரிம்மரைச் சின்ன ஸ்குரூ டிரைவரால் மெதுவாகத் திருப்பி, கையை எடுத்த பிறகு எண்ணைப் படியுங்கள். திருப்பும்போது எண் குதித்தால் அந்த டிரிம்மரின் தடம் அழுக்கேறியிருக்கிறது. முழுவீச்சில் சில தடவை இங்குமங்கும் சுழற்றிவிட்டுப் பிறகு பொருத்துங்கள். அப்படியும் குதித்தால் மாற்றிவிடுவதுதான் வழி. இடதும் வலதும் 0.1 டெசிபலுக்குள் ஒத்துப்போக வேண்டும். இதைச் சோதிக்க நேர்த்தியான வழி ஒன்று உண்டு: இரு சேனலுக்கும் ஒரே டோனைக் கொடுத்து, ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டுங்கள். 0.1 டெசிபல் வித்தியாசம் இருந்தால் மீதி, ஒரு சேனலின் லெவலைவிடச் சுமார் 39 டெசிபல் கீழே நிற்கும். அதைவிட ஆழமாகப் போனால் பொருத்தம் இன்னும் நெருக்கம். மீதி குறைவதற்குப் பதில் 6 டெசிபல் ஏறினால், எங்கோ ஒரு சேனலின் போலாரிட்டி மாறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகக் கூடாது, மோனோவில் கேட்பவருக்கு நடுவில் இருக்கும் குரல் காணாமல் போய்விடும்.

பிறகு லெவலை மாற்றாமல் 40 ஹெர்ட்ஸ், 15 கிலோஹெர்ட்ஸ் இரண்டிலும் ஒரு பார்வை. இரண்டு முனைகளும் 1 கிலோஹெர்ட்ஸோடு ஏறக்குறைய ஒட்டி நிற்க வேண்டும்.

கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது: உச்சி வரை தூக்கிப் பார்ப்பது. டோனை 1 டெசிபல் படிகளில் கூட்டிக்கொண்டே போங்கள். கணக்குப்படி +24 டிபியுவில் மாற்றி 0 டிபிஎஃப்எஸ் தொட வேண்டும். அதற்கு முன்பே கன்சோல் அவுட்புட் தட்டையாகிவிட்டால், உதாரணமாக +20இலேயே, சிதைவு மீட்டர் திடீரென்று எகிறும், ஆஸிலோஸ்கோப்பில் அலையின் தலை வெட்டுப்படும். ஆனால் டிஜிட்டல் மீட்டரோ -4 என்று சாந்தமாகக் காட்டிக்கொண்டிருக்கும். கிளிப் ஆன ஒலி டிஜிட்டலில் உச்சியைத் தொடாமலேயே பதிவாகும். பின்னால் இருக்கும் யாருக்கும் காரணம் பிடிபடாது. சீரமைப்பு மட்டத்தில் சரியாக இருக்கும் இணைப்பு உச்சியிலும் சரியாக இருக்கும் என்ற உத்தரவாதம் எதுவும் இல்லை.

டிஜிட்டல்-அனலாக் திசைக்கு இதே வேலை, தலைகீழ் வரிசையில். டிஜிட்டல் ஜெனரேட்டரிலிருந்து -20, அவுட்புட்டில் 1.228 வோல்ட்.

பிழையின் அளவே காரணத்தைச் சொல்லும்

லெவல் பிழைகள் ஏதோ ஒரு எண்ணில் வருவதில்லை. பெரும்பாலானவை குறிப்பிட்ட சில எண்களில்தான் வந்து நிற்கும். அந்த எண்ணைத் துல்லியமாக அளந்தால் பாதி நோயறிதல் முடிந்தது. இதனால்தான் குமிழைத் தொடும் முன் அளக்கச் சொல்கிறேன். தொட்டுவிட்டால் அந்தத் தடயம் அழிந்துவிடும்.

6 டெசிபல்தான் அதிகம் வருவது, அதற்குக் காரணங்களும் அதிகம். பேலன்ஸ்டு ஜோடியில் ஒரு கம்பி அறுந்திருக்கலாம். சமச்சீரான எலக்ட்ரானிக் அவுட்புட்டின் ஒரு கால் அன்பேலன்ஸ்டு இணைப்பில் தரையோடு சேர்ந்திருக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் அவுட்புட்டிலும் குறுக்கு இணைப்புள்ள சர்வோ அவுட்புட்டிலும் இந்த இழப்பு வராது. லைனின் முடிவில் சுமை வைக்கும் 600 ஓம் டெர்மினேஷன் சுவிட்ச் தவறான நிலையில் இருக்கலாம். இரு கருவிகளின் 0 டிபிஎஃப்எஸ் +24, +18 என வேறுபட்டிருக்கலாம். பிரித்தறிவது இப்படி: சுமையைக் கழற்றி அளந்தால் மின்னழுத்தம் இருமடங்கானால் காரணம் டெர்மினேஷன். பின் 2–1, பின் 3–1 தனித்தனியே அளந்து ஒன்று செத்திருந்தால் கம்பியோ சால்டரிங்கோ போயிருக்கிறது. இம்பிடன்ஸை மட்டும் சமன்செய்யும் அவுட்புட்டுகளில் பின் 3இல் சிக்னல் இருக்காது, அது வடிவமைப்பே. இரண்டு கால்களும் சமமாக இருந்து, கேபிளில் வோல்ட்டும் சரியாக இருந்து, டிஜிட்டல் எண் மட்டும் 6 தள்ளி நின்றால் குறிப்பு மட்டம் பொருந்தவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் இன்புட்டில் ஒரு கால் அறுந்தால் லெவல் இழப்போடு தாழ் அதிர்வெண்களும் மெலியும், ஹம்மும் சேரும், காதிலேயே தெரிந்துவிடும்.

3.5 டெசிபல் குறைவென்றால் உடனே நினைவுக்கு வர வேண்டியது இரட்டை டெர்மினேஷன். 600 ஓம் மூலத்துக்கு ஒரு 600 ஓம் சுமை இருந்தால் பாதி மின்னழுத்தம் கிடைக்கும். இரண்டு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. பாதிக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையே 3.5 டெசிபல். பேட்ச் பேனலில் பழைய காலத்து டெர்மினேஷன் மின்தடை ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

11.8 என்றால் வீட்டு உபயோக லெவலுக்கும் தொழில்முறை லெவலுக்கும் இடையிலான சுவிட்ச். 4 என்றால் யாரோ 0 டிபியுவையும் 0 வியுவையும் ஒன்றென்று எடுத்திருக்கிறார்கள். 2.2 என்றால் மீட்டர் டிபிவியில் இருக்கிறது, நீங்கள் டிபியுவில் படிக்கிறீர்கள். முழு டிஜிட்டல் வழியில் 2 என்றால் -18க்கும் -20க்கும் குழப்பம். 3 என்றால் பேன் விதியைப் பாருங்கள், அல்லது மீட்டரின் வரையறையை: ஏஇஎஸ்17 தரப்படி முழு அளவு சைன் அலை 0 டிபிஎஃப்எஸ் ஆர்எம்எஸ், சில மென்பொருள் மீட்டர்கள் அதையே -3 என்று காட்டும். இரண்டுமே தவறில்லை, எதைப் படிக்கிறோம் என்று தெரிந்திருந்தால் போதும்.

பிழை நிலையான எண்ணாக இல்லாமல் அலைபாய்ந்தால் இரண்டு சோதனை. டோனைச் சரியாக 10 டெசிபல் குறையுங்கள். மறுமுனை சரியாக 10 குறைய வேண்டும். 7தான் குறைந்தது என்றால் நடுவில் ஒரு கம்பிரசரோ ஏஜிசியோ உயிரோடு இருக்கிறது. அதை பைபாஸ் செய்யும் வரை எந்த டிரிம்மரையும் தொடாதீர்கள். ஏஜிசி வழியாகச் செய்த சீரமைப்புக்கு அர்த்தமே இல்லை. 10 சரியாகக் குறைந்து, ஆனால் அதிர்வெண்ணை மாற்றினால் பிழை மாறுகிறது என்றால் ஈகியூ, ப்ரீ-எம்ஃபசிஸ் (உயர் அதிர்வெண்களை முன்கூட்டியே தூக்குவது), அல்லது நீளமான கேபிளின் கெபாசிட்டன்ஸ்.

எந்த டோன் எந்தச் சேனல் என்பதிலும் ஒழுங்கு வேண்டும். இரு சேனலிலும் தொடர்ச்சியான டோனை அனுப்பிவிட்டு மறுமுனையில் இருப்பவரிடம் 'வருகிறதா' என்று கேட்டால் 'வருகிறது' என்பார், இடம் வலம் மாறியிருந்தாலும். கிளிட்ஸ் எனப்படும் முறையில் நான்கு விநாடிக்கொரு முறை இடது டோன் ஒருமுறை அறுபடும், தொடர்ந்து வலது டோன் இருமுறை அறுபடும். காதால் கேட்டாலே, மீட்டரைப் பார்த்தாலே, எது எங்கே என்று தெரிந்துவிடும்.

இன்டர்காம் லைன்கள்

நிகழ்ச்சி ஒலிக்குக் கொடுக்கும் கவனத்தை, குழுவினர் தமக்குள் பேசிக்கொள்ளும் இன்டர்காமுக்கு யாரும் கொடுப்பதில்லை. நேரடி ஒளிபரப்பில் கேமராக்காரருக்கு இயக்குநரின் குரல் கேட்காவிட்டால் நிகழ்ச்சியே நின்றுவிடும், எனவே இதை இரண்டாந்தர வேலையாக நினைப்பது எனக்கு உடன்பாடில்லை.

இரண்டு கம்பி பார்ட்டி லைனில் ஒரே ஜோடியில் எல்லாரும் பேசுவார்கள், எல்லாரும் கேட்பார்கள். பரவலான அமைப்புகளில் லைனின் இம்பிடன்ஸ் 200 ஓம். அதை நிர்ணயிக்கும் டெர்மினேஷன் ஒரே ஓர் இடத்தில், பெரும்பாலும் மாஸ்டர் ஸ்டேஷனிலோ பவர் சப்ளையிலோ இருக்கும். ஒவ்வொருவரும் இடுப்பில் மாட்டும் பெல்ட்பேக்குகள் லைனுக்கு மின்னோட்ட மூலங்களாக வேலை செய்கின்றன. குரலின் மின்னழுத்தம் என்ன என்பதை அந்த 200 ஓம்தான் தீர்மானிக்கிறது. இரண்டு மாஸ்டர் ஸ்டேஷன்களை இணைத்து இரண்டிலும் டெர்மினேஷன் இருந்தால் 100 ஓம் ஆகிவிடும், எல்லாருக்கும் 6 டெசிபல் குறையும். டெர்மினேஷனே இல்லாவிட்டால் லெவல் எகிறும், பேசுபவரின் காதில் அவர் குரலே அறையும், லைன் ஊளையிடவும் ஆரம்பிக்கும். எனவே ஒவ்வொரு பெல்ட்பேக்காகக் குமிழ் திருகும் முன் டெர்மினேஷன்களை எண்ணுங்கள்.

இந்த லைனில் டிசி ஓடுகிறது, ஒரு பரவலான வகையில் 30 வோல்ட். டோன் ஜெனரேட்டரை நேராக மாட்டினால் ஜெனரேட்டர் போய்விடும். தடுப்புக் கெபாசிட்டரோ டிரான்ஸ்ஃபார்மரோ இடையில் வேண்டும்.

இரண்டு கம்பி லைனை, பல இன்டர்காம் வழிகளை இணைக்கும் மேட்ரிக்ஸின் நான்கு கம்பி (அனுப்ப ஒரு ஜோடி, பெற ஒரு ஜோடி) போர்ட்டோடு சேர்க்கும் இன்டர்ஃபேஸில்தான் நுட்பமான வேலை இருக்கிறது. நான்கு கம்பியிலிருந்து லைனுக்குப் போன குரல் அதே லைனிலிருந்து திரும்பி வராதபடி இன்டர்ஃபேஸுக்குள் இருக்கும் ஹைபிரிட் என்ற சுற்று அதைக் கழிக்க வேண்டும். இதற்கு நல்லிங் என்று பெயர். எல்லா கேபிள்களும் எல்லா பெல்ட்பேக்குகளும் நிகழ்ச்சி நேரத்தில் இருக்கப்போகிறபடியே இணைந்திருக்க வேண்டும், மைக்குகள் அனைத்தும் அணைந்திருக்க வேண்டும். நான்கு கம்பிப் பக்கத்திலிருந்து டோன் அனுப்பி, திரும்பி வருவதை மீட்டரில் பாருங்கள். 1 கிலோஹெர்ட்ஸில் மின்தடைச் சரிப்படுத்தியைத் திருப்பி மிகக் கீழான புள்ளியைப் பிடியுங்கள். 3 கிலோஹெர்ட்ஸுக்குப் போய் கெபாசிட்டன்ஸ் சரிப்படுத்தி. 300 ஹெர்ட்ஸுக்கு இறங்கி இண்டக்டன்ஸ் சரிப்படுத்தி. ஒன்றைத் திருப்பினால் மற்றது நகரும், அதனால் ஒரே சுற்றில் முடியாது. எல்லா அதிர்வெண்ணிலும் 25 டெசிபலுக்கு மேல் கிடைத்தால் நல்ல நல் என்பேன். பிறகு கேபிள் நீளம் மாறினால் இந்த வேலை முழுவதும் திரும்ப. பல இன்டர்ஃபேஸ்கள் இன்று பொத்தானை அழுத்தினால் தாமாகவே நல் செய்துகொள்ளும். நிபந்தனை மட்டும் மாறாது, மைக்குகள் அணைந்திருக்க வேண்டும்.

நல் செய்தபின்தான் அனுப்பும், பெறும் லெவல்களைப் பொருத்த வேண்டும். காரணம் எளிய கூட்டல்: இரண்டு இன்டர்ஃபேஸ்கள் எதிரெதிரே நின்றால், சுற்றில் உள்ள எல்லாக் கெயின்களையும் கூட்டி, இரு ஹைபிரிட் இழப்புகளையும் கழிக்க, விடை 0 டெசிபலை எட்டினால் சுற்று ஊளையிடும். குரல் போதவில்லை என்று இரு பக்கமும் 6 டெசிபல் கூட்டினால் உங்கள் பாதுகாப்பு விளிம்பு 12 குறைகிறது.

டிரான்ஸ்மிட்டர் முனை

எஃப்எம்மில் லெவலின் கடைசி அலகு கிலோஹெர்ட்ஸ். 100 சதவீத மாடுலேஷன் என்றால் 75 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன், அதாவது கேரியரின் (சுமக்கும் அலையின்) அதிர்வெண் அவ்வளவு விலகுவது. மாடுலேஷன் மானிட்டரை நம்பாமல் இதைச் சரிபார்க்கக் கணிதம் தரும் அழகான வழி பெசல் நல். மாடுலேஷன் குறியீடு (டீவியேஷனை டோனின் அதிர்வெண்ணால் வகுத்தது) 2.405 ஆகும்போது கேரியர் முற்றிலும் மறையும்; 5.520இல் மீண்டும் மறையும். 75ஐ 5.520ஆல் வகுத்தால் 13.587. டிரான்ஸ்மிட்டரை டம்மி லோடில் வைத்து, பைலட் (ஸ்டீரியோவை அறிவிக்கும் டோன்), ஆர்டிஎஸ் (நிலையத் தரவுச் சிக்னல்) இரண்டையும் அணைத்து, எஃப்எம் சிக்னலை உருவாக்கும் எக்ஸைட்டரின் எம்பிஎக்ஸ் (கூட்டு ஸ்டீரியோ சிக்னல்) இன்புட்டில் 13.587 கிலோஹெர்ட்ஸ் டோன் கொடுங்கள். ஸ்பெக்ட்ரம் அனலைசரில் கேரியர் கோட்டைப் பார்த்துக்கொண்டே பூஜ்யத்திலிருந்து லெவலை ஏற்றுங்கள். கோடு சரிந்து மறையும். அது முதல் நல், சுமார் 32.7 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன், அங்கே நிற்கக் கூடாது. மேலும் ஏற்றினால் கோடு எழுந்து மீண்டும் மறையும். அந்தப் புள்ளிதான் 75 கிலோஹெர்ட்ஸ். அப்போது எம்பிஎக்ஸ் இன்புட்டில் இருக்கும் வோல்ட்டை அளந்து எழுதுங்கள். பிறகு பைலட்டை மட்டும் திறந்து, 9 சதவீதத்துக்கு, அதாவது 6.75 கிலோஹெர்ட்ஸுக்குப் பொருத்துங்கள்.

இடது–வலது இன்புட் வழியாகப் பொருத்துவதானால் ப்ரீ-எம்ஃபசிஸைக் கணக்கில் வைக்க வேண்டும். 50 மைக்ரோவிநாடி வளைவு 1 கிலோஹெர்ட்ஸை 0.4 டெசிபலும் 15 கிலோஹெர்ட்ஸை 13.7 டெசிபலும் தூக்கும். 75 மைக்ரோவிநாடியில் 15 கிலோஹெர்ட்ஸில் 17 டெசிபல். எனவே இங்கே 400 ஹெர்ட்ஸ் டோன் நல்லது, அங்கே வளைவின் பங்கு 0.1 டெசிபல் அளவே. ப்ராசசர், எக்ஸைட்டர் இரண்டிலும் ப்ரீ-எம்ஃபசிஸ் திறந்திருந்தால் 400 ஹெர்ட்ஸ் சோதனையில் எல்லாம் சரியாகத் தெரியும். நிகழ்ச்சி போகும்போது ஒவ்வொரு 'ஸ'கரமும் கிழியும். இரண்டில் ஒன்றில் மட்டுமே அது இருக்க வேண்டும் என்பதை மெனுவைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுங்கள்.

டோன் வேறு, உரப்பு வேறு

2006இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் உரப்பு அளவீட்டுத் தரம் பிஎஸ்.1770 வந்தது, 2010இல் ஈபியு ஆர்128. நிகழ்ச்சியின் சராசரி உரப்பு -23 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை முழு அளவோடு ஒப்பிடும் அலகு) என்றானது. அமெரிக்காவின் ஏடிஎஸ்சி ஏ/85 படி -24. அன்றிலிருந்து ஒரு குழப்பமும் பரவியது: சீரமைப்பு டோனையே -23இல் அனுப்புவது. அப்படி அனுப்பினால், -18இல் டோன் எதிர்பார்க்கும் மறுமுனைப் பொறியாளர் 5 டெசிபல் கூட்டிவிடுவார், நிகழ்ச்சி 5 டெசிபல் உரத்து ஓடும். சீரமைப்பு மட்டம் என்பது கருவிகளுக்கு இடையிலான ஒப்பந்தம், -18 அல்லது -20 என்று அது அப்படியே இருக்கிறது. எல்யுஎஃப்எஸ் இலக்கு என்பது அந்த ஒப்பந்தத்துக்குள் நிகழ்ச்சியை எப்படிக் கலப்பது என்பதற்கான விதி.

உரப்பு மீட்டரைச் சோதிக்க மட்டும் -23 டோன் பயன்படும். இரு சேனலிலும் ஒரே நேரத்தில் 1 கிலோஹெர்ட்ஸ், -23 டிபிஎஃப்எஸ் கொடுத்தால் மீட்டர் -23.0 எல்யுஎஃப்எஸ் காட்ட வேண்டும், 0.1க்குள். ஒரு சேனலை நிறுத்தினால் -26.0. ஒரு சேனலை நிறுத்தியும் -23 காட்டுகிறது என்றால் அந்த மீட்டருக்குள் எங்கோ மோனோ இணைப்பு இருக்கிறது.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: அனுப்பும் கருவி, பெறும் கருவி, இரண்டின் 0 டிபிஎஃப்எஸ் டிபியுவில், சுமையோடு அளந்த வோல்ட், டிஜிட்டல் எண், முதலில் கிளிப் ஆவது எது, எந்த லெவலில், தேதி, பயன்படுத்திய மீட்டர். மீட்டரின் பெயரை விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து 0.3 டெசிபல் வித்தியாசம் தெரியும்போது மாறியது கருவியா மீட்டரா என்று சொல்ல அது ஒன்றுதான் உதவும். டிரிம்மரின் தலையிலும் பெட்டியிலும் சேர்த்து ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தால், பிற்பாடு யாராவது திருகினால் அந்தக் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.